இல்லறத்தாரின் வாகனம்

பெரிய காஞ்சிபுரத்திலிருந்து நாள்தோறும் காலையில் சுங்குவார்சத்திரத்திற்கோ திருப்பெரும்புதூருக்கோ ஒரகடத்திற்கோ வேலைக்குச் சென்று இரவில் வீடு திரும்பும் ஒரு தந்தையோ தாயோ எத்தகைய காரை வாங்குவது தக்கது என்னும் வினா, பொதுவாக விலைப்பட்டியலுக்கும் மைலேஜுக்கும் மாதத் தவணைக்கும் உரியதாகவே கருதப்படுகிறது. தறியை விட்டுத் தொழிற்சாலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வேலைக்குச் சென்றுவிட்ட குடும்பங்கள் மிகுந்த இந்நகரில் அவ்வினா இன்று பல வீடுகளில் எழுகிறது. ஆயினும் அதனை அறத்தின் வினாவாக எடுத்துக்கொள்வார் அரியர். வாகனத்தையும் அறத்தின் எல்லைக்குள் வைத்து எண்ணிய மரபுகள் சில இதே காஞ்சியோடு தொடர்புடையனவாக இருத்தலின், அவற்றின் துணைகொண்டு இதனை ஆராய்வது பொருந்தும். இல்லறத்தார் ஒருவருக்கு உரிய வாகனம் இன்னது என்று வரையறுக்கும் அளவுகோலை அவருடைய செல்வத்திலோ மதிப்பிலோ தேட இயலாது என்பதும், அவரை நம்பி வீட்டில் காத்திருப்போரும் அவருக்கு எதிரே சாலையில் வருவோரும் ஆகிய இருசாராரிடமே அது உள்ளது என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

காஞ்சி நகரின் புறத்தே வேகவதி ஆற்றங்கரையில் உள்ள திருப்பருத்திக்குன்றம், சைவக் காஞ்சிக்கும் வைணவக் காஞ்சிக்கும் அடுத்து வைத்து எண்ணப்படும் சினகாஞ்சி ஆகும். அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபம் 1387ஆம் ஆண்டளவில் விசயநகர அமைச்சர் இருகப்பரால் எழுப்பப்பட்டது. தீர்த்தங்கரர் வரலாறுகள் அதன் விதானத்தில் வண்ண ஓவியங்களாக இன்றும் காணப்படுகின்றன. காஞ்சியைச் சார்ந்தவர் எனச் சமண மரபு போற்றும் சமந்தபத்திரர், வடமொழியில் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் என்னும் நூலில் சிராவகர்க்கு, அதாவது துறவு பூணாது இல்லத்தில் இருந்துகொண்டே அறம் கேட்டு ஒழுகுவோர்க்கு, உரிய நெறிகளைத் தொகுத்துரைக்கிறார். அருங்கலச்செப்பு என்னும் தமிழ் நூல் இதனை அடியொற்றி எழுந்தது என்பர். துறவி உடைமை அனைத்தையும் விடுகிறார். இல்லறத்தார்க்கு அது கூடாமையின், தம் உடைமை இவ்வளவே என்று தாமே ஓர் எல்லை கட்டிக்கொள்ளும் நோன்பு அவர்க்கு விதிக்கப்பட்டது. தமிழ்ச் சமண வழக்கில் இது பொருள் வரைதல் எனப்படும். எத்தனை மாடு, எவ்வளவு நிலம், எத்தனை வண்டி என்று நூல் எண்ணிக்கை சொல்வதில்லை. எல்லையை வகுக்கும் உரிமையை நோற்பவரிடமே விட்டுவிட்டு, ஆசை எழுவதற்கு முன்பே அதனை வகுத்துவிட வேண்டும் என்பதையே அது வலியுறுத்துகிறது.

அந்நோன்பு எவ்வாறெல்லாம் பழுதுபடும் என்று கூறுமிடத்துச் சமந்தபத்திரர் ஐந்து குற்றங்களைச் சுட்டுகிறார். அவற்றுள் முதலாவது அதிவாகனம். இறுதியானது அதிபாரவகனம், அதாவது சுமக்கும் உயிரின் ஆற்றலுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றுதல். பெருங்குவிப்பும் உலோபமும் பிறர் பெற்ற ஆக்கத்தைக் கண்டு மனம் நிலைகுலைந்து வியத்தலும் இவ்விரண்டிற்கும் இடையே வருகின்றன. உடைமைக்கு எல்லை கட்டும் நோன்பில் வரும் ஐந்து பழுதுகளுள் இரண்டு வாகனத்தைப் பற்றியனவாக இருப்பது எளிதில் கடந்து செல்லத் தக்கதன்று. அதிவாகனம் என்பதற்கு, பொருளாசையால் எருது முதலியவற்றை அவை செல்லக்கூடிய தொலைவிற்கு மேல் ஓட்டுதல் என்று உரை கூறுவர். தேவைக்கு மேல் வாகனம் வைத்திருத்தல் என்று கொள்வாரும் உளர். இரண்டும் இன்றைய பயணத்திற்குப் பொருந்துவனவே. எருதின் இடத்தில் இயந்திரம் வந்த பின்னும், ஒரு வழிக்கு 30, 40 கிலோமீட்டர் என நாள்தோறும் ஓட்டப்படுவதில் தேய்வது டயர் மட்டுமன்று. ஓட்டுபவரின் உடலும் அவருடைய மாலைப்பொழுதும் அதனோடு சேர்ந்தே தேய்கின்றன.

ஐந்தனுள் மிக ஆழமாக நோக்கத்தக்கது வியத்தல் என்னும் குற்றம். பக்கத்து வீட்டாரின் வாசலில் புதிய பெரிய கார் வந்து நிற்கையில், சக்கரத்திற்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழங்கள் வைக்கப்பட்டு, சாவி தட்டில் வைத்துப் பூசிக்கப்பட்டு, முன்கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் இடப்படுகையில், அதனைக் காண்போர் உள்ளத்தில் தோன்றும் சிறு அசைவை நூலாசிரியர் வெறும் பொறாமை என்று ஒதுக்காமல் உடைமை நோன்பின் பழுதாகவே கணக்கிட்டிருக்கிறார். பொருள் எதனையும் கூடுதலாக வாங்கவில்லை, எல்லை எதனையும் மீறவில்லை; எனினும் நோன்பு அங்கேயே தளரத் தொடங்கிவிட்டது என்பது அவர் கருத்து. தேவையின் அளவு தமக்குள்ளிருந்து பிறவாமல் பிறர் வாசலிலிருந்து பிறக்கத் தொடங்கும் தருணம் அது. குடும்பத்தில் நால்வர், நாள்தோறும் காரில் செல்பவர் ஒருவர், வாரத்தில் ஒருநாள் நால்வரும் சேர்ந்து செல்வர் என்னும் கணக்கு முன்னாளில் தெளிவாக இருந்திருக்கும். வியப்பு நுழைந்த மறுநாளே ஆண்டிற்கு ஒருமுறை செல்லும் மலைப்பயணம் அக்கணக்கின் தலைமை இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

அரசும் காருக்கு ஓர் எல்லை வகுத்துள்ளது. 2006ஆம் ஆண்டு நடுவணரசின் வரவுசெலவுத் திட்டத்தில் நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும், பெட்ரோல் வண்டியாயின் 1200 சி.சி., டீசல் வண்டியாயின் 1500 சி.சி. என்னும் அளவிற்கு உட்பட்ட எஞ்சினும் உடைய கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகவும் பெரியவற்றுக்கு 40 விழுக்காடாகவும் உள்ளது. இவ்வெல்லையின் விளைவு கருதத்தக்கது. நீளத்தை நான்கு மீட்டருக்குள் நிறுத்திக்கொண்டு, உயரத்தையும் அகலத்தையும் எடையையும் கூட்டிய வண்டிகள் சந்தைக்கு வந்தன. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, காஞ்சிக்கு அண்மையில் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் உருவான சான்ட்ரோ ஆகியவற்றின் எளிய வடிவம் பின்தங்கியது. புறத்தே இருந்து இடப்படும் எல்லையை அதன் கடைசி மில்லிமீட்டர் வரை நிரப்பிக்கொள்வது மனித இயல்பு. தாமே இட்டுக்கொண்ட எல்லை அவ்வாறு செயற்படுவதில்லை; அதனை இட்டவரே அதன் காவலராகவும் இருத்தலின், வரிச்சலுகையால் செய்ய இயலாததை நோன்பால் செய்ய இயலும்.

திருக்குறளின் வலியறிதல் என்னும் அதிகாரம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பகைமேற் செல்லும் அரசன் தன் வலிமையை அளந்தறிய வேண்டும் என்று தொடங்கும் அவ்வதிகாரம், மயிற்பீலி போன்ற மெல்லிய பொருளாயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று நடுவில் கூறி, பின்னர் வருவாய்க்கும் செலவுக்கும் திரும்புகிறது. இதற்கு உரை செய்த பரிமேலழகரைப் பெரிய காஞ்சிபுரத்து உலகளந்த பெருமாள் கோயிலோடு தொடர்புடைய அர்ச்சகர் மரபினர் என்று வழிவழிச் செய்தி கூறும். வண்டியைப் பற்றிய குறளை அவர் வண்டியின் அளவில் நிறுத்தவில்லை. எளியர்தாமே என்று கருதிப் பலரோடும் பகை கொள்பவன் அவர்கள் ஒன்று கூடியவிடத்து அழிவான் என்னும் கருத்தை வேறொன்றன்மேல் வைத்துரைத்த பிறிது மொழிதல் அணி என்று காட்டுகிறார். அவ்வுரை அரசனை நோக்கியது. இல்லறத்தாரை நோக்கி அதனைத் திருப்பினால், தனித்தனியே பீலி போல் மெலிதாகத் தோன்றும் மாதச் செலவுகள் பலவும் ஒன்று கூடிக் குடும்பத்தின் அச்சை முறிக்கும் என்பது பெறப்படும்.

அக்கூட்டத்தின் பாரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் வீதம் மாதம் 25 நாள் செல்பவர் 1500 கிலோமீட்டர் ஓட்டுகிறார். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் சிறிய கார் 75 லிட்டர் பெட்ரோல் கொள்ளும். 12 கிலோமீட்டர் மட்டுமே தரும் பெரிய கார் 125 லிட்டர் கொள்ளும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் வேறுபாடு மாதம் 5,000 ரூபாய். 5 லட்சம் கடனுக்கு 9 விழுக்காடு வட்டியில் ஏழு ஆண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 8,000 ரூபாயாகவும், 10 லட்சத்திற்கு 16,000 ரூபாயாகவும் அமையும். ஆக மாதம் 13,000 ரூபாய் கூடுதலாகச் செல்கிறது. முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை ஏழாம் வகுப்பை முடிக்கும் வரை அது தொடர்கிறது. அவ்வேழு ஆண்டுகளில் கூடுதலாக எரியும் பெட்ரோல் 4,200 லிட்டர், லிட்டருக்கு 2.3 கிலோ கரியமில வாயு என்னும் கணக்கில் அது 9 டன்னுக்கு மேல் ஆகும்.

கடன் என்பது வருங்காலத்து உழைப்பை இன்றே அடகு வைத்தல் என்பதைக் காஞ்சிக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முன்பணம் வாங்கிய நெசவாளர், அது தீரும் வரை அதே முதலாளியின் தறியைவிட்டு அகல இயலாமல் கட்டுண்டு கிடந்ததும், பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகக் குழந்தைகள் பள்ளியைவிட்டுத் தறியில் அமர்த்தப்பட்டதும் இந்நகரின் அண்மைக்கால வரலாறே. 1990களில் அது உலகின் கவனத்திற்கு வந்தது. வங்கிக் கடனும் அத்தளையும் ஒன்றல்ல. எனினும், விருப்பமில்லாத வேலையை விட முடியாமையும், கூடுதல் நேரப் பணியை மறுக்க முடியாமையும் தவணையிலிருந்து பிறக்குமாயின், குழந்தைக்காக வாங்கிய வண்டி குழந்தைக்குரிய மாலைப்பொழுதை விலையாகக் கேட்கிறது என்றே கொள்ள வேண்டும். வலியறிதல் அதிகாரம் ஈகைக்கும் ஒப்புரவுக்கும்கூட அளவு வேண்டும் என்று முடிவதை இங்குக் கருதலாம். பிள்ளைகளுக்காகத்தானே என்னும் சொல் எல்லாச் செலவையும் தூய்மையாக்கிவிடாது.

வண்டியின் நம்பகத்தன்மை வேறொரு மரபின்வழி ஆராயத்தக்கது. சேக்கிழார் பெரியபுராணத்தில் தொண்டை நாட்டின் சிறப்பையும் காஞ்சியின் சிறப்பையும் விரிவாகப் பாடுவது திருக்குறிப்புத் தொண்டர் வரலாற்றில்தான். காஞ்சியில் சலவைத் தொழில் செய்து, அடியார்களின் குறிப்பறிந்து அவர்கள் ஆடையை வெளுத்துக் கொடுத்து வாழ்ந்தவர் அவர். குளிர்காலத்து ஒருநாள், அழுக்கேறிய கந்தை ஒன்றையே உடுத்திவந்த முதியவரிடம், பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தருவதாக வாக்களித்து அதனைப் பெற்றார். மழை பெய்தது, நிற்கவில்லை, பொழுதும் சாய்ந்தது. முதியவர் குளிரில் வாட நேர்ந்ததே என்று வருந்தித் துவைக்கும் பாறையில் தலையை மோதிக்கொள்ள முற்பட்டபோது இறைவன் தடுத்தாட்கொண்டார் என்பது வரலாறு. தன்னை வருத்திக்கொள்ளும் அச்செயல் இல்லறத்தார்க்கு முன்மாதிரி ஆகாது. கருத வேண்டியவை இரண்டு. மழை தம் குற்றமன்று என்னும் நியாயத்தை அவர் எடுத்துரைக்கவே இல்லை. வாக்கு நிறைவேறாமையின் துன்பம் யாரைச் சேர்கிறது என்பதையே நோக்கினார். அம்முதியவரிடம் மாற்றுடை இருந்திருந்தால் மழை ஒரு பொருட்டாகியிராது. ஒற்றை ஆடை உடையவராதலால்தான் அவ்வாக்கு அவ்வளவு கனத்தது.

ஒரே வண்டியை நம்பி வாழும் குடும்பத்தின் நிலையும் அதுவே. மூன்று கார் உள்ள வீட்டில் ஒன்று பழுதாகி நின்றால் மற்றொன்று செல்லும். ஒற்றைக் கார் உள்ள வீட்டில் அது நெடுஞ்சாலையோரம் நின்றுவிட்டால், பள்ளி வாயிலில் நிற்கும் குழந்தையும் மருந்துக்குக் காத்திருக்கும் பாட்டியும் மாற்றுடை இல்லாதவராகின்றனர். பழுதின்றி ஓடுதல் என்பதை இயந்திரத்தின் குணமாக மட்டும் கருதாமல், காலையில் வீட்டைவிட்டுப் புறப்படுகையில் சொல்லிச் சென்ற சொல்லின் ஒரு பகுதியாகக் கருதுவதற்கு இதுவே காரணம். பல ஆண்டுகள் சந்தையில் இருந்து குறை நிறை அறியப்பட்ட வகை, ஊரிலேயே சர்வீஸ் செய்யத்தக்கது, கிளட்ச் பிளேட்டும் பிரேக் பேடும் அடுத்த தெருவிலேயே கிடைப்பது, உள்ளூர் மெக்கானிக் கேட்ட ஒலியிலேயே பழுதை உணர்வது என்பன விளம்பரத்தில் இடம்பெறாத சிறப்புகள். ஆனால் வாக்கைக் காப்பவை அவையே. வாங்கிய பின்னும் அக்கடமை தொடர்கிறது. தவணைக்குப் பணம் போதாமல் வழுக்கையான டயரை மாற்றாமல் ஓட்டும் பெரிய காரைவிட, உரிய காலத்தில் எஞ்சின் ஆயிலும் டயரும் மாற்றப்படும் சிறிய கார் நம்பத்தக்கது.

இதுவரை கூறியவற்றுக்கு வலிமையான மறுப்பு ஒன்று உண்டு. பெற்றோரின் முதற்கடமை குழந்தையின் உயிரைக் காப்பது. கனமான வண்டியில் இருப்பவர் மோதலில் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. எனவே இயன்ற அளவு பெரிய வண்டியை வாங்குவதே அறம் என்பது அம்மறுப்பு. இதனைப் பொய் என்று தள்ள முடியாது. எடை வேறுபட்ட இரு வண்டிகள் மோதுகையில் இலேசானது மிகுதியாகத் தூக்கி எறியப்படும் என்பது இயற்பியல் விதி. ஆயினும் அவ்விதியிலேயே மறுப்பிற்கான விடையும் அடங்கியுள்ளது. எடையினால் கிடைக்கும் பாதுகாப்பில் பெரும்பகுதி புதிதாகப் பிறப்பதன்று. மறுபக்கத்தில் இருப்பவரிடமிருந்து எடுக்கப்படுவது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். பெங்களூர் நெடுஞ்சாலையில் தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து திரும்பும் இளைஞரும், முன்னால் ஒரு குழந்தையும் பின்னால் மனைவியுமாக மொபெட்டில் செல்லும் நெசவாளரும் அம்மறுபக்கத்தில் இருப்பவர்கள். அவர்களும் ஒரு வீட்டில் காத்திருக்கப்படுபவர்களே. தம் குழந்தையின் பாதுகாப்பைப் பிறர் குழந்தையின் ஆபத்தாக மாற்றி வாங்கிக்கொள்வதைக் கொல்லாமையை முதல் நோன்பாக வைத்த எந்த மரபும் எளிதில் ஒப்பாது.

ஆனால் பிறரிடமிருந்து எதனையும் எடுக்காத பாதுகாப்பும் உண்டு. சறுக்கலில் வண்டியை நிலைநிறுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு, பூட்டிக்கொள்ளாத பிரேக், போதிய காற்றுப்பைகள், மோதலின் விசையைத் தாங்கும் உறுதியான கூடு, குழந்தைக்குரிய தனி இருக்கை ஆகியன எவரையும் வருத்தாமல் காப்பவை. பிரேக் சார்ந்தவை எதிரே வருபவரையும் சேர்த்தே காக்கின்றன. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டோரையும் பெல்ட் அணிவித்தோ குழந்தை இருக்கையில் அமர்த்தியோ அழைத்துச் செல்லப் பணிக்கிறது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்.கேப் என்னும் மோதல் சோதனை, பெரியவர்களுக்கான பாதுகாப்பையும் குழந்தைகளுக்கான பாதுகாப்பையும் தனித்தனியே நட்சத்திரங்களால் மதிப்பிடுகிறது. எல்லை கட்டுவது உடைமைக்கே அன்றி அக்கறைக்கு அன்று. இரு சிறிய கார்களுள் விலை குறைந்ததை விட்டு, நட்சத்திரம் மிகுந்ததை வாங்குவதில் பொருள் வரைதல் பழுதுபடாது. காற்றுப்பையைக் குறைத்து அலங்காரச் சக்கரத்திற்குப் பணம் கொடுப்பதிலேயே அது பழுதுபடும்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவு விரிக்கும் வழக்கம் இவ்வாராய்ச்சிக்கு இன்னொரு கோணத்தைத் தருகிறது. தெருவின் நீளத்திற்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளைப் பார்த்துப் பார்த்து முடிந்து, வெயில் ஏறுமுன் சுருட்டுவர். வீட்டிற்குள் அடங்காத வேலைக்குத் தெரு இடம் தருகிறது. வேலை முடிந்ததும் தெரு தெருவிற்கே திரும்பிவிடுகிறது. கார் அவ்வாறு திரும்புவதில்லை. திண்ணைக்கு வெளியே நிறுத்தப்படும் வண்டி, இரவும் பகலும் பொது இடத்தைப் பிடித்திருக்கும் உடைமை. அதன் அகலம் கூடுந்தோறும் பாவிற்கும் மிதிவண்டிக்கும் சாமி புறப்பாட்டிற்கும் உரிய இடம் குறைகிறது. உடைமை என்பதை வாசற்படிக்குள் இருப்பதாக மட்டும் எண்ணிய பழங்கணக்கில் வாராத ஒன்று இது. சிறிய கார் என்பதன் அறம் பெட்ரோலில் மட்டும் இல்லை, தெருவிலும் உண்டு.

இவ்வளவும் கூறியபின், கார் வேண்டுமா என்னும் மூலவினாவைத் தவிர்க்க இயலாது. காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் (1894–1994) முதிர்ந்த வயதிலும் நெடுந்தொலைவு நடந்தே யாத்திரை செய்தவர். அது துறவியின் அளவு. இரவுப்பணி முடிந்து திரும்பும் செவிலியான தாய்க்கு அவ்வளவைக் கொண்டுவந்து வைப்பது முறையாகாது. சென்னை செல்வோர்க்குச் செங்கல்பட்டு வழியாக மின்ரயில் உண்டு. தொழிற்சாலைகள் பலவற்றிற்கு நிறுவனப் பேருந்து உண்டு. அவை வாய்த்தவர்க்கு வாங்காமையே சிறந்த தேர்வாகலாம். வாய்க்காதவர்க்கு, சமந்தபத்திரர் கூறும் திக்குவிரதம், அதாவது இன்ன ஆறு, இன்ன மலை, இத்தனை யோசனை வரையே செல்வேன் என்று பயணத்தின் எல்லையை வகுத்துக்கொள்ளும் நோன்பு, வழிகாட்டக்கூடும். எவ்வளவு தொலைவு, எத்தனை பேர், எத்தனை நாள் என்பதை ஷோரூமிற்குள் நுழையும் முன்பே வீட்டில் அமர்ந்து, வாழ்க்கைத்துணையும் வளர்ந்த பிள்ளைகளும் கேட்க, எழுதிவைத்துவிடுவதே அதன் இன்றைய வடிவம்.

அவ்வெல்லை வாழ்நாள் முழுவதற்கும் மாறாததாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. தேசாவகாசிகம் என்று சமந்தபத்திரர் நூல் கூறும் மற்றொரு நோன்பு, ஆண்டு, அரையாண்டு, பருவம், மாதம், பக்கம் எனக் காலத்தால் வரையறுக்கப்பட்டு, அக்காலம் முடிந்ததும் மீண்டும் ஆராய்ந்து ஏற்கப்படுவது. பிள்ளை கல்லூரிக்குச் சென்ற பின்னரோ, நடக்க இயலாத மாமனாரைச் சக்கர நாற்காலியோடு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்த பின்னரோ கணக்கை மீண்டும் எடுத்துப் பார்த்து, பெரிய வண்டியே தேவை என்று தெளிந்தால், அதனை வாங்குவதில் குற்றமில்லை. வேலையிடம் அருகே மாறிவிட்டால், இருப்பதையும் விற்றுவிடலாம் என்று அதே கணக்கு கூறவும் கூடும்.